வேட்டை முடிஞ்சுது... துப்பாக்கி காலியாச்சா? - சேலம் காடுகளில் கென்னத் ஆண்டர்சன்

சி.பி.எஸ்.இ-யில் படிச்சவங்களுக்கு புரூனோவை ஞாபகம் இருக்கும். 9-ம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பல வருடங்களாக இருந்த 'தி பாண்ட் ஆஃப் லவ்' பாடத்தில் வரும் கரடிக் குட்டி. எலிக்கு வெச்ச விஷத்தைத் தின்னுட்டு கை கால் விழுந்து, ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்த அதே கரடி. இன்னொரு நாள் ஒரு கேலன் பழைய இன்ஜின் ஆயிலைக் குடிச்சுட்டு எதுவுமே நடக்காத மாதிரி திரிஞ்சது. வளர்ந்ததும் மைசூர் மிருகக்காட்சிச் சாலைக்கு அனுப்பினாங்க. வளர்த்த அம்மாவைப் பிரிஞ்ச ஏக்கத்தில் சாப்பிடாம கிடந்து, கடைசியில் வீட்டுக்கே திரும்பி வந்துச்சு.

பாடம் முடிஞ்சதும் எல்லார் மனசிலும் நிற்பது அந்தக் கரடிதான். ஆனால், கதை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு துப்பாக்கி வெடிப்பதை நாம் சுலபமா மறந்துடுறோம்.

மைசூர் பக்கம் ஒரு கரும்புத் தோட்டம். வயலில் புகுந்த காட்டுப் பன்றிகளைச் சுட்டு விரட்டுகிறார்கள். எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கும்போது, வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கரடி வெளியே வருகிறது. அது யாரையும் எதுவும் செய்யவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் கையில் குண்டு போட்ட துப்பாக்கி இருந்தது. சுட்டுவிட்டார். செத்தது தாய்க் கரடி. அதன் முதுகைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டிருந்த குட்டிதான் புரூனோ.

வேலை முடிஞ்ச பிறகும் காலி செய்யாத துப்பாக்கி. அந்தக் கதையை எழுதின மனுஷனின் வாழ்க்கை முழுக்க இந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது. அவர் பேர் கென்னத் ஆண்டர்சன். அவர் அதிகம் சுத்தின காடு எதுன்னு கேட்டா, நம்ம சேலம் மாவட்டம்!

சட்டம் படிக்கப் போனவர்

1910 மார்ச் 8. ஹைதராபாத் பக்கம் பொலாரத்தில் பிறந்தார் ஆண்டர்சன். பல தலைமுறைகளுக்கு முன்பே இந்தியாவில் வந்து தங்கிவிட்ட ஸ்காட்லாந்துக் குடும்பம். அப்பாவுக்கு ராணுவச் சம்பளக் கணக்குப் பார்க்கும் உத்தியோகம். பெங்களூருவில் பிஷப் காட்டன் பள்ளி, அப்புறம் செயின்ட் ஜோசப் கல்லூரி.

சட்டம் படிக்கட்டும் என்று பையனை எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அங்கே மனசு ஒட்டவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுட்டு ஊர் திரும்பிவிட்டார். தபால் தந்தித் துறையில் சுமார் 15 வருடம், அதன் பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவு மேலாளர். சம்பளத்துக்கு வேலை பார்த்து, லீவு போட்டு காட்டுக்குப் போன ஆள்தான் அவர். ராஜா, ஜமீன்தார் கிடையாது. கன்னடமும் தமிழும் பேசுவார். கையில் ஒரு ஸ்டூடிபேக்கர் கார். அதில் ஏறினா நேரா காடுதான்.

அந்தக் காடு பெரும்பாலும் சேலம் மாவட்டக் காடுதான். இப்போ மேப்பில் பார்த்தா குழப்பமா இருக்கும். ஆண்டர்சன் சுத்தின காலத்தில் நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் மாவட்டத்துக்குள்தான். 1965-ல் தருமபுரி பிரிஞ்சது. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாச்சு. 2004-ல் தருமபுரியில் இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சது. அதாவது, தெற்கே கொல்லிமலை அடிவாரத்து நிலக்கடலைக் காட்டிலிருந்து, வடக்கே பெங்களூரு எல்லையில் இருக்கும் தளி வரைக்கும் ஒரே மாவட்டம். பெங்களூருவில் இருந்து ஓசூர் சுமார் 40 கிலோமீட்டர். சனிக்கிழமை கிளம்பினா ராத்திரி சாப்பாடு ஜவளகிரி பங்களாவில்.

1954-ல் வந்த அவரோட முதல் புத்தகம், 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்டு ஒன் ரோக்'. அதன் முதல் கதையே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண் புலி. இரண்டாவது கதை, கும்மளாபுரத்துச் சிறுத்தை. அதே புத்தகத்தில் பனப்பட்டியின் வெறிபிடித்த யானையும் உண்டு. அப்புறம் வந்த புத்தகங்களில் சிவனிப்பள்ளியின் கருஞ்சிறுத்தை வரும். பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, சின்னாறு, ஒகேனக்கல் என்று நம்ம டூ வீலர் ட்ரிப் லிஸ்ட் மாதிரியே இருக்கும் அவர் கதைகளில் வரும் ஊர்கள்.

அரசுப் பதிவுகளின்படி 1939 முதல் 1966 வரை அவர் சுட்ட ஆட்கொல்லிகள் 8 சிறுத்தைகள், 7 புலிகள். சும்மா போய்ச் சுட்டதில்லை. ஆட்கொல்லி என்று தெரிந்த பிறகு, அதிகாரிகளின் அனுமதியோடு நடந்த வேட்டைகள். யானை விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். சென்னை மாகாணத்தில் 1873-லேயே காட்டு யானைகளைக் காப்பாற்றத் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆளைக் கொல்லும் யானை என்று அரசு அறிவிக்காமல் ஒரு யானையைச் சுட முடியாது. சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர், வேட்டைக்குப் போகும்போது அரசாங்கக் காகிதம் வந்துதான் கிளம்ப வேண்டியிருந்தது.

லீவரை இழுத்தா காலி

ஆண்டர்சனின் பிரியமான துப்பாக்கி, .405 வின்செஸ்டர். 1895 மாடல். விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே இழுத்து மேலே தள்ளினா, உள்ளே இருக்கும் தோட்டா வெளியே வந்து விழும், அடுத்தது ஏறும். விசையைத் தொடாமல் லீவரை மட்டும் தொடர்ந்து இழுத்துக்கிட்டே இருந்தா, எல்லாத் தோட்டாவும் ஒவ்வொண்ணா வெளியே வந்துடும். கடைசியில் ஒரு தடவை உள்ளே கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்த்தா முடிஞ்சுது. ஒரு நிமிஷ வேலை. சத்தமே கிடையாது.

ராத்திரி முழுக்க மரத்து மேல் பரணில் உட்கார்ந்திருந்து, புலி வராமல் விடிஞ்சா, இறங்குவதற்கு முன்னால் துப்பாக்கியைக் காலி செய்துவிடலாம். கயிறு கட்டிக் கீழே இறக்கலாம். காரில் வைக்கலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தாலும் பயமில்லை.

இப்போ, அதே காட்டில் அதே ராத்திரி கண் முழிச்சிருந்த இன்னொரு மனுஷனைப் பார்ப்போம்.

பைராவின் கை ஆயுதம்

முத்தூர் பக்கம், சின்னாற்றங்கரை. காவிரியில் போய்ச் சேரும் சின்ன ஆறு. கோடையில் மணலும் நடுவில் கொஞ்சம் தண்ணீரும்தான் இருக்கும். மான், கடமான், பன்றி எல்லாம் அந்தத் தண்ணிக்குத்தான் வரும். அங்கே பதுங்கிக் காத்திருப்பார் பைரா. பூசாரி என்று ஆண்டர்சன் குறிப்பிடும் பழங்குடிப் பிரிவைச் சேர்ந்தவர். கையில் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. லைசென்ஸா? அதெல்லாம் கிடையாது.

இருவரும் முதன்முதலில் சந்திச்சதே இப்படித்தான். ஒருத்தர் அனுமதியோடு வந்த துரை, இன்னொருத்தர் ஒளிஞ்சிருந்த திருட்டு வேட்டைக்காரர். வனக்காவலர்களிடம் பிடிச்சுக் கொடுத்திருக்கலாம். ஆண்டர்சன் அதைச் செய்யவில்லை. பேச்சுக் கொடுத்தார். பைரா அவருக்குத் தடம் பார்க்கவும், காட்டுச் சத்தத்தைப் பிரிச்சுக் கேட்கவும் துணையாக வந்தார். பல வருடம் நீடிச்ச நட்பு அது. முதல் புத்தகத்தில் ஆட்கொல்லிகளுக்கு நடுவே பைராவுக்குத் தனி அத்தியாயமே இருக்கு.

இதில் ஒரு கசப்பான உண்மையும் இருக்கு. 1878-ல் வந்த ஆங்கிலேயர் ஆயுதச் சட்டப்படி இந்தியருக்கு லைசென்ஸ் கட்டாயம். ஐரோப்பியருக்கோ ஆரம்பத்தில் விலக்கு. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழ்ந்தவர் திருடன், வெளியிலிருந்து காரில் வந்தவர் வேட்டைக்காரர். ஆண்டர்சன் பைராவைக் காட்டிக் கொடுக்காததுக்குப் பின்னால் இதுவும் இருந்திருக்கலாம், வெறும் இரக்கமாகவும் இருந்திருக்கலாம். ஆனால், பைராவின் கையில் இருந்த அந்தத் துப்பாக்கி வேற கதை. அது யாருக்கும் நல்லது செய்யாத ஜாதி.

ஏன்னு புரியணும்னா, அது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரியணும்.

உள்ளே போனா திரும்பாது

தோட்டாத் துப்பாக்கியில் மருந்து, குண்டு எல்லாம் ஒரே உறைக்குள் இருக்கும். பின்பக்கமாகப் போட்டு, பின்பக்கமாக எடுத்துவிடலாம். வாய் வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் பின்பக்கம் அடைப்பு. எல்லாமே குழலின் முன்பக்க வாய் வழியாகத்தான் போகணும். முதலில் கருமருந்து. அதன் மேல் தேங்காய் நார், துணி மாதிரி அடைப்பு. அப்புறம் பால்ரஸ் குண்டு, இல்லைன்னா ஈயத் துண்டு, சில சமயம் ஆணி. அது உருண்டு விழாமல் இருக்க மறுபடி அடைப்பு. எல்லாத்தையும் நீளக் கம்பியால் இடிச்சு இறுக்குவாங்க. கடைசியா பின்பக்கம் இருக்கும் காம்பு மேல் ஒரு சின்ன கேப். தீபாவளிக்கு நாம வெடிச்ச கேப்போட முரட்டு அண்ணன். சுத்தியல் அதன் மேல் விழுந்தா தீப்பொறி உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும்.

இப்போ யோசிங்க. சாயங்காலம் கெட்டிச்சாச்சு. ராத்திரி முழுக்கக் காத்திருந்தாச்சு. மான் வரலை. விடிஞ்சிருச்சு. உள்ளே போனதை எப்படி வெளியே எடுப்பது?

சுலபமான வழி ஒண்ணுதான். பாதுகாப்பான மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுவிடுவது. லைசென்ஸ் உள்ளவர் அதைச் செய்யலாம். லைசென்ஸ் இல்லாதவரால் முடியாது. அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்கும், வனக்காவலர் காதிலும் விழும். ஆக, துப்பாக்கி கெட்டிச்சபடியே வீட்டுக்குத் திரும்பும். கூரை ஓலைக்குள்ளேயோ, வைக்கோல் போருக்குள்ளேயோ, மரப் பொந்துக்குள்ளேயோ ஒளியும்.

கள்ளத் துப்பாக்கியின் பெரிய ஆபத்து இதுதான். ஒளிச்சு வைக்க வேண்டியிருப்பதாலேயே அதைக் காலி செய்ய முடியாது. காலி செய்யாததால், அது வீட்டுக்குள் படுத்திருக்கும் பாம்பு மாதிரி. யார் எப்போ மிதிப்பாங்கன்னு தெரியாது.

நாலு நாள் கழிச்சு அதை எடுக்கும் ஆளுக்கு, உள்ளே மருந்து இருக்கா இல்லையான்னே மறந்திருக்கும். இல்லைன்னு நினைச்சு மேலே இன்னொரு தடவை கெட்டிப்பார். இரட்டை மருந்து. குழல் தாங்காமல் வெடிச்சா போவது அவர் கை, அவர் கண். படைவீரர்களே இந்தத் தப்பைச் செஞ்சிருக்காங்க. 1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிஞ்சதும் களத்தில் பொறுக்கி எடுத்த 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கெட்டிச்சபடியே கிடந்தன. ஆயிரக்கணக்கானவற்றில் ஒண்ணு மேல் ஒண்ணாகப் பல தடவை கெட்டிச்சிருந்தது. பயிற்சி பெற்ற வீரனுக்கே பதற்றத்தில் மறந்துபோகும்னா, இருட்டில் பயந்து ஓடும் மனுஷனுக்கு?

ஜிம் கார்பெட்டுக்குச் சின்ன வயசில் கிடைச்ச முதல் துப்பாக்கியும் இதே இனம்தான். இரட்டைக் குழல். மருந்து அதிகமாகிப் போய் ஒரு குழல் ஏற்கெனவே பிளந்து கிடந்தது. உடைஞ்ச கட்டையைப் பித்தளைக் கம்பி சுத்திக் கட்டியிருந்தாங்க. மிச்சமிருந்த ஒரு குழலோடு காட்டைக் கத்துக்கிட்ட பையன் அவர். முன்னாடி அதைக் கையில் வெச்சிருந்தவருக்கு என்ன ஆச்சோ!

ஈர மருந்தும் காயம்பட்ட புலியும்

கெட்டிச்ச துப்பாக்கி வீட்டில் மட்டும் ஆபத்து இல்லை. காட்டில் அதைவிட மோசம்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம். காத்தில் இருக்கும் ஈரம் சேர்ந்தா மருந்து நமுத்துப்போகும். நாலு ராத்திரி பனியில் கிடந்த மருந்து முழு வேகத்தில் எரியாது. விசையை அழுத்தினா சில சமயம் வெடிக்காது. சில சமயம் ஒரு நொடி தாமதமா வெடிக்கும். சில சமயம் புஸ்ஸுன்னு பாதி வேகத்தில் குண்டு போகும். அந்தக் குண்டு கொல்லாது. தோலைக் கிழிச்சு, எலும்பில் மாட்டி உள்ளேயே தங்கிடும்.

அப்படிக் காலில் குண்டு தங்கின சிறுத்தையால் மானைத் துரத்த முடியாது. தாடை உடைஞ்ச புலியால் கடமானின் கழுத்தைக் கவ்வ முடியாது. பசி அடங்காதே! ஓடாத இரை எதுன்னு தேடும். மாடு. அப்புறம் மாட்டை ஓட்டிக்கிட்டு வரும் மனுஷன்.

காயம்பட்டதும் ஊனமானதும்தான் பெரும்பாலும் ஆளைத் தின்னும் என்பது ஆண்டர்சன் புத்தகங்கள் முழுக்க வரும் விஷயம். கிராமத்து நாட்டுத் துப்பாக்கிகள் விட்டுவைத்த காயங்களைப் பற்றி அவர் சலிக்காமல் எழுதினார். புலியை வில்லனாக அவர் காட்டியதே இல்லை. ஒரு ஆட்கொல்லி செத்து விழுந்ததும், அது ஏன் இப்படி ஆச்சு என்று அதன் உடம்பில் பழைய காயத்தைத் தேடுவார். அந்த வகையில் அவர் ஒரு துப்பறியும் ஆள். யாரோ எப்போதோ செய்த தப்பின் கணக்கை, பல மாதம் கழிச்சு வந்து முடிச்சு வைப்பவர்.

வேட்டையாடியவர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், காயப்படுத்திட்டு விட்டுப் போகக் கூடாது என்பதில் உறுதியா இருந்தார். தன் குண்டு பட்டு ஓடின மிருகத்தை, ரத்தத் தடம் பிடிச்சுப் போய் முடிச்சுட்டுத்தான் திரும்பணும். அது உயிருக்கே உலை வைக்கும் வேலை. துப்பாக்கியைத் தூக்கினவனின் பொறுப்பு, சுட்ட சத்தத்தோடு முடிஞ்சுடாது என்று நம்பினவர்.

இறக்கி வைக்கும் முறை

சரி, லைசென்ஸோட இந்தத் துப்பாக்கி வெச்சிருக்கும் விவசாயிகள் இன்னைக்கும் இருக்காங்க. போலீஸ் பாஷையில் இதற்கு எஸ்.பி.எம்.எல். துப்பாக்கி என்று பேர். உங்க தாத்தாவோ பெரியப்பாவோ அப்படி வெச்சிருந்தா, இந்தப் பகுதி உங்களுக்குத்தான்.

முதல் விதி, கெட்டிச்சிருக்குன்னு நினைச்சுத்தான் தொடணும். குழல் வாய் எப்போதும் ஆளில்லாத பக்கம். கெட்டிச்ச துப்பாக்கியை வாகனத்தில் ஏத்தக் கூடாது, வேலி தாண்டக் கூடாது, வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது.

இரண்டாவது, முதலில் கேப்பை எடுக்கணும். காம்பு மேல் கேப் இல்லைன்னா சுத்தியல் விழுந்தாலும் பொறி வராது. ஆனால், கேப்பை எடுத்துட்டா துப்பாக்கி காலின்னு அர்த்தம் இல்லை. மருந்தும் குண்டும் உள்ளேதான் இருக்கு. நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, விசையை அழுத்தியும் வெடிக்கலைன்னா உடனே திருப்பிப் பார்க்கக் கூடாது. குழலை அதே பக்கம் பிடிச்சபடி குறைஞ்சது ஒரு நிமிஷம் அப்படியே நிக்கணும். தாமதமா வெடிக்கலாம்.

நான்காவது, கம்பிக் கணக்கு. துப்பாக்கி காலியா இருக்கும்போது இடிக்கும் கம்பியைக் கடைசி வரை உள்ளே விட்டு, வாய் விளிம்பில் படும் இடத்தில் ஒரு கோடு கீறி வெச்சுக்கணும். அப்புறம் எப்போ சந்தேகம் வந்தாலும், கேப்பை எடுத்துட்டுக் கம்பியை விட்டுப் பார்த்தா போதும். கோடு விளிம்புக்கு வந்தா காலி. கோடு மேலேயே நின்னா உள்ளே ஏதோ இருக்கு. கம்பியை விடும்போது முகமோ உடம்போ குழலுக்கு நேரா இருக்கக் கூடாது.

ஐந்தாவது, உள்ளே இருப்பதை எடுப்பது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், பின்னால் கெட்டியான மண்மேடு இருக்கும்போது சுட்டுத் தீர்ப்பது ஒரு வழி. இன்னொண்ணு, மருந்தைத் தண்ணீரால் நனைச்சு, கம்பி நுனியில் திருகு மாட்டிக் குண்டையும் அடைப்பையும் இழுத்து எடுப்பது. இது துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் உள்ளவரின் வேலை. யூடியூப் பார்த்து வீட்டில் செய்யும் வேலை இல்லை. நனைஞ்ச மருந்து காய்ஞ்சா மறுபடி பற்றும் என்பதையும் மறக்கக் கூடாது. அடுப்புப் பக்கம் வைப்பது, பழுக்கக் காய்ச்சின கம்பியை உள்ளே விடுவது எல்லாம் தற்கொலைக்குச் சமம்.

கடைசியா, சுட்ட அன்னைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, துடைச்சு, எண்ணெய் போடணும். கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உள்ளே துருப்பிடிச்ச குழல் அடுத்த முறை வெடிக்குமா, பிளக்குமான்னு யாராலும் சொல்ல முடியாது.

இன்னைக்குச் சட்டம் என்ன சொல்லுது?

ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். இன்னைக்கு வேட்டை கிடையாது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதையை முடிச்சுவெச்சது. உச்சபட்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் புலி, சிறுத்தை, யானை, கரடி மாதிரி மிருகங்களை வேட்டையாடினா 3 முதல் 7 வருடம் வரை ஜெயில்.

அப்போ இந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதுக்கு? 1959 ஆயுதச் சட்டமே பதில் சொல்லுது. உண்மையாகவே பயிரைக் காப்பாத்தும் தேவைக்காக வாய் வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். அதை வெச்சு மிருகத்தைச் சுடலாம்னு அர்த்தம் இல்லை. காட்டுப் பன்றி மரவள்ளிக் காட்டை உழுதுட்டுப் போனாலும் நாமே சுட முடியாது. காப்புக்காட்டு எல்லையில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் ஊருக்குள் வரும் பன்றிகளை வனத்துறையினர்தான் சுடுவாங்க என்று 2025-ல் தமிழக அரசு அறிவிச்சது. விவசாயியின் வேலை, புகார் கொடுப்பதும் நஷ்டஈட்டுக்கு விண்ணப்பிப்பதும். இது போதுமா என்று சேலம், நாமக்கல் விவசாயிகள் கோபப்படுவதில் நியாயம் இருக்கு. அந்தக் கோபத்துக்கு விடை கள்ளத் துப்பாக்கியும் இல்லை, அவுட்டுக்காயும் இல்லை.

லைசென்ஸ் இல்லாமல் வெச்சிருந்தா? 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைஞ்சது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் ஜெயில், கூடவே அபராதம். அதனால்தான் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கச் சொல்லி வனத்துறையும் போலீசும் அவ்வப்போது கூட்டம் போடுது. மக்களும் கொண்டு வந்து கொடுக்கிறாங்க. அப்படி ஒப்படைக்கும்போது ஒரே ஒரு விஷயம். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத துப்பாக்கியை பைக்கில் கட்டி எடுத்துட்டுப் போகாதீங்க. ஊர்த் தலைவர் மூலமாகவோ, நேரடியாகவோ முதலில் தகவல் சொல்லிட்டு, அவங்க சொல்வது மாதிரி செய்யுங்க.

தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வாங்க இல்லையா? அப்பவும் இதே விதிதான். துப்பாக்கி காலியா இருக்குன்னு உறுதி செய்த பிறகுதான் வீட்டை விட்டே கிளம்பணும்.

காலியான காடு

ஆண்டர்சன் கடைசிக் காலத்தில் எழுதினதைப் படிச்சா, புலியைச் சுட்ட பெருமை குறைஞ்சு, காடு வெறிச்சோடிப் போகும் வருத்தம்தான் அதிகம் தெரியும். ஒரு காலத்தில் ராத்திரி பூரா சத்தமா இருந்த சின்னாற்றங்கரை, கள்ள வேட்டையால் அமைதியாகிப் போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். 1972 சட்டம் வந்தபோது அவருக்கு வயசு 62. இரண்டு வருடம் கழிச்சு, 1974 ஆகஸ்ட் 30-ல் பெங்களூருவில் காலமானார். அவர் போன பிறகு 1976-ல் கடைசியாக ஒரு புத்தகம் வந்தது. அதன் பேர் 'ஜங்கிள்ஸ் லாங் எகோ'. ரொம்ப காலம் முன்பிருந்த காடுகள்!

அவர் நடந்த காட்டின் பெரும்பகுதி இன்னைக்குக் காவேரி வடக்கு, காவேரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள். ஒண்ணு 2014-ல், இன்னொண்ணு 2022-ல் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கியோடு உள்ளே போக வழியில்லை. கேமராவோடு போகவே அனுமதி வாங்கணும். ஆண்டர்சன் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

மறுபடி புரூனோவுக்கு வருவோம். அந்தக் கரடி மைசூரில் இருந்து வீடு திரும்பினதும், ஆண்டர்சன் வீட்டில் அதுக்காகவே சுத்திலும் அகழி வெட்டி ஒரு தீவு கட்டினாங்க. ஆண்டர்சனின் மனைவி, மரக்கிளையில் கட்டின கயிற்றைப் பிடிச்சு ஊஞ்சல் மாதிரி ஆடித் தீவுக்குள் போய், அதை மடியில் போட்டுக் கொஞ்சுவார். ஒரு வீடே ஒரு கரடிக்காக இவ்வளவு பாடுபட்டது. ஆனாலும் அதன் அம்மா திரும்ப வரவே இல்லை. கரும்புத் தோட்டத்தில் பன்றி விரட்டி முடிச்ச அந்த நிமிஷமே துப்பாக்கியைக் காலி செய்திருந்தா, இந்தக் கதையே நடந்திருக்காது.

அடுத்த முறை சொந்தக்காரங்க வீட்டுச் சுவரில் பாட்டன் காலத்துத் துப்பாக்கி தொங்குவதைப் பார்த்தா, செல்ஃபி எடுக்கக் கையில் தூக்கிடாதீங்க. தொடாமல் தள்ளி நின்னு, வீட்டுப் பெரியவங்ககிட்ட இரண்டே கேள்வி கேளுங்க. இதுக்கு லைசென்ஸ் இருக்கா? இது காலியா?

இரண்டாவது கேள்விக்கு யாராவது யோசிச்சுப் பதில் சொன்னா, அது காலி இல்லைன்னே வெச்சுக்குங்க.